தொலைக்காட்சிச் செய்தியாளராக வர விரும்பும் வன்னிப் பெண்பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்?

மாங்குளம் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த வருடம் உயர்தரம் எழுதப் போகிறேன். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே ரீவியில் மைக் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆட்களைத்தான் பார்ப்பேன். நாடகம் தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. ஆசிரியராக வா, இல்லாவிட்டால் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், ஒரு வேலை பார் என்கிறா. "ரீவியில நிண்ட பிள்ளையளுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும்தானே" என்று ஒருநாள் சொன்னா. அதற்கு மேல் கதைக்கவில்லை.

வன்னியில் இருந்துகொண்டு ஒரு பெண் இந்த வேலையைச் செய்தால் அவளுடைய வாழ்க்கை எப்படி இருக்கும்? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பெண்களைப் பற்றிப் பாடத்தில் படித்துவிட்டேன். எனக்கு இங்கேயுள்ள கதை வேண்டும்.

ஒட்டுசுட்டான் – ஸ்காபரோ

தங்கச்சி, அம்மா மனதில் வைத்துச் சொன்னது இசைப்பிரியாவை என்று நினைக்கிறேன்.

உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் தெரியாது, அதனால் சொல்கிறேன். 90களில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஆட்கள் நாங்கள். படம் பார்ப்பதென்றால் ஊருக்கே ஒரு ஜெனரேற்றர். கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இழுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். அப்படித்தான் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் தயாரித்த ஒளிவீச்சு என்கிற வீடியோ சஞ்சிகையைப் பார்த்தோம். அதில் எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் வந்து கதைத்தார்கள். கொழும்பில் ரூபவாஹினி 1982இலேயே தொடங்கிவிட்டது, ஆனால் அதில் வந்த தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. ஒளிவீச்சில் ஒரு பிள்ளை "கிணத்தடி" என்று சொன்னபோது என் ஆச்சி, "இது எங்கட பிள்ளை" என்றா. அது இன்னும் காதில் நிற்கிறது.

பிறகு 2005இல் செய்மதி வழியாகத் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி வந்தது. இசைப்பிரியா அதில் செய்தி வாசித்தவர். இயற்பெயர் சோபனா, 1982இல் பிறந்தவர். 2009 மே 18 அன்று நடந்த சண்டையில் இறந்தார் என்று பாதுகாப்புத் தரப்பு அறிவித்தது. 2013 நவம்பரில் பிரித்தானியாவின் சனல் 4 ஒரு காட்சியை வெளியிட்டது. அதில் அவர் உயிரோடு இராணுவத்தின் பிடியில் இருந்தார். இன்றைக்கு வரைக்கும் யாரும் அதற்குத் தண்டிக்கப்படவில்லை. உங்கள் அம்மா அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால், மகளை மைக்கோடு நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கும். நானும் இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன்.

பூநகரி ரீச்சர்

அண்ணை சொன்னது சரி. ஆனால் பிள்ளைக்கு முழுவதையும் சொல்ல வேண்டும். 2007 நவம்பர் 27 அன்று கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி மீது குண்டு போட்டபோது அறிவிப்பாளர் இசைவிழி செம்பியன் இறந்தார். அவர் வானொலிக்காரர் என்றாலும் இந்த வரிசையில் அவருக்கும் இடமுண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2005 ஓகஸ்ட் 12 அன்று, ரேலங்கி செல்வராஜாவைக் கொழும்பில் கணவரோடு சேர்த்துச் சுட்டார்கள். வானொலி, ரூபவாஹினி இரண்டிலும் எங்கள் வீட்டு முகமாக இருந்தவர். புலிகளுக்கு எதிரான ஒரு வானொலி நிகழ்ச்சியில் பங்கெடுத்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. ஒருத்தியைச் சொல்லி மற்றவளை விட்டால் அது நியாயமில்லை. எந்தப் பக்கத்தில் நின்றாலும் ஒரு தமிழ்ப் பெண்ணின் குரலை நிறுத்தத் துவக்கோடு ஆள் வந்திருக்கிறான். இதை நான் வகுப்பிலும் சொல்கிறேன்.

ஒளிவீச்சும் தேசியத் தொலைக்காட்சியும் ஓர் இயக்கத்தின் ஊடகங்கள். அங்கே வேலை செய்த பிள்ளைகளின் திறமை வேறு, அந்த ஊடகத்துக்கு இருந்த சுதந்திரம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள், மகள்.

கல்மடுக்காரி

இரண்டு நாளாக இந்த இழையை வாசித்துவிட்டு எழுதாமல் இருந்தேன். இனி எழுதுகிறேன். 2012 தொடக்கம் 2023 வரை, பதினொரு வருடம், கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் தொலைக்காட்சிச் செய்தியாளராக இருந்தேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள்.

ஏன் வந்தேன் என்பதை முதலில் சொல்கிறேன். 2009இல் எனக்குப் பதினேழு வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர் வரிசையில் நிற்கிறேன். கையில் மஞ்சள் கான். ஒரு கமராக்குழு வந்தது. வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக எடுத்தார்கள். என் முகத்தில் கமரா கொஞ்ச நேரம் நின்றது. யாரும் பெயர் கேட்கவில்லை. எங்கே இருந்து வந்தாய், யார் கூட வந்தாய் என்று ஒரு சொல் கேட்கவில்லை. எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு இரவு தறப்பாளுக்குள் படுத்திருந்து நினைத்தேன், நான் எடுத்தால் கேட்பேன் என்று. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் இல்லை.

வேலை எப்படி இருந்தது என்றால், முதலில் காசைச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. பிராந்தியச் செய்தியாளருக்குச் சம்பளம் இல்லை. செய்தி ஒளிபரப்பானால் அதற்கு ஒரு தொகை. அனுப்பி, அவர்கள் போடாவிட்டால் ஒன்றுமில்லை. தர்மபுரத்திலிருந்து ஏ35 வீதியால் முல்லைத்தீவு போய் வருகிற பெற்றோல் என்னுடையது. கமரா என்னுடையது, அதுவும் தவணைக்கு எடுத்தது. நியமனக் கடிதம் கேட்டுக் கேட்டு மூன்றாம் வருடம்தான் கிடைத்தது. அந்தக் கடிதம் இல்லாவிட்டால் தகவல் திணைக்களத்தின் ஊடக அட்டை எடுக்க முடியாது. அட்டை இல்லாவிட்டால் காவலரணில் உங்களை நிறுத்தி வைத்துக் கேட்கிற கேள்விகளுக்கு முடிவில்லை. ஆகவே தங்கச்சி, எங்கே சேர்ந்தாலும் முதல் மாதமே கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பெண் என்பதால் வந்த கஷ்டம் நான் நினைத்த இடத்தில் இருக்கவில்லை. ஊர் கதைக்கும், கதைத்தது, பிறகு பழகிவிட்டது. உண்மையான கஷ்டம் கழிப்பறை. நாள் முழுவதும் ஒரு போராட்டக் கொட்டகையில் நின்றால் எங்கே போவது? அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். சிறுநீரகத்தில் வருத்தம் வந்து இரண்டு முறை வார்டில் கிடந்தேன். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதமாட்டார்கள். மற்றது இருட்டு. ஒட்டுசுட்டான் காட்டுப் பாதையில் ஆறு மணிக்குப் பிறகு தனியாக மோட்டார் சைக்கிளில் வருகிறபோது யானைக்குப் பயமில்லை, பின்னால் வருகிற லைற்றுக்குத்தான் பயம். செய்தி போன மறுநாள் வீட்டுக்கு வந்து, "சும்மா விசாரிக்க வந்தனாங்கள்" என்று கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அம்மா அந்தக் கோப்பைகளைத் தனியாகக் கழுவி வைத்தா.

பெண் என்பதால் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். ஆண் செய்தியாளர்களை விறாந்தையில் இருத்துவார்கள். என்னை நேரே குசினிக்குள் கூப்பிடுவார்கள். அடுப்படியில் கேட்ட கதையை விறாந்தையில் கேட்கவே முடியாது. வன்னியில் ஆண் துணை இல்லாமல் குடும்பம் நடத்துகிற பெண்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். அவர்கள் ஒரு பெண்ணிடம்தான் வாய் திறக்கிறார்கள்.

ஒரு நாளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2018 ஏப்ரல் 23. இரணைதீவு மக்கள் தங்கள் தீவுக்குத் திரும்பிப் போன நாள். 1992இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகும் கடற்படை விடாமல், இரணைமாதா நகரில் ஒரு வருடம் உண்ணாமலும் உறங்காமலும் என்கிற மாதிரி இருந்து பார்த்தும் பதில் வராமல், சரி நாங்களே போவோம் என்று படகில் ஏறினார்கள். வெள்ளைத் துணி கட்டிய படகுகள். நான் கமராவைச் சொப்பின் பையால் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தேன். கடல் எனக்குப் பழக்கமில்லை, வயிற்றைப் பிரட்டியது. கரை தெரிந்ததும் படகில் இருந்த பெண்கள் செபம் சொல்லத் தொடங்கினார்கள். இறங்கியதும் எல்லோரும் மாதா கோயில் பக்கம் போக, ஓர் ஆச்சி மட்டும் மற்றப் பக்கம் நடந்தா. நான் பின்னால் போனேன். பற்றைக்குள் ஒரு கிணறு. எட்டிப் பார்த்தா. ஒரு சிரட்டையைத் தேடி எடுத்து, சேலைத் தலைப்பில் கட்டி இறக்கித் தண்ணீர் எடுத்துக் குடித்தா. "உப்பாகேல்லை" என்றா. என்னிடம் சொல்லவில்லை, கிணற்றிடம் சொன்னா. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாற்பது செக்கன் அப்படியே எடுத்தேன்.

அனுப்பினேன். அழுகிற காட்சி இல்லையா என்று கேட்டார்கள். கிணறு ஒளிபரப்பாகவில்லை.

அக்கராயன் கமரா

அக்கா, அந்த நாள் நானும் இன்னொரு படகில் இருந்தேன். அந்தக் கிணற்றை நான் எடுக்கவில்லை. எல்லோரும் கோயிலைத்தான் எடுத்தோம்.

தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன். கமராவுக்கு முன்னால் நிற்க மட்டும் ஆசைப்படாதீர்கள். எடுக்கவும், வெட்டவும், குரல் கொடுக்கவும் நீங்களே பழகுங்கள். நான் தொடங்கிய காலத்தில் மினி டிவி (MiniDV) என்கிற சின்ன வீடியோ நாடாவை என்வலப்பில் போட்டு, கொழும்பு பஸ் கொண்டக்ரரிடம் கொடுத்து, பஸ் நம்பரைப் போனில் சொல்லி, அங்கே ஒரு ஆள் போய் எடுப்பார். இரண்டு நாள் பழைய செய்தி. இப்போது கோபுரத்துக்குக் கிட்டப் போய் நின்றால் பத்து நிமிடத்தில் போனிலேயே போய்விடும். ஆள் வசதி இல்லாத எங்களுக்கு இது பெரிய விடயம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை இருக்கிறது. வெட்டுப்புள்ளி வந்தால் விடாதீர்கள்.

மாங்குளம் மாணவி

கல்மடு அக்கா, இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவுக்கும் கிணற்றுப் பகுதியை வாசித்துக் காட்டினேன். அவ ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எழும்பிப் போகவும் இல்லை.

ஒரு கேள்வி. மேரி கொல்வின் வன்னிக்கு வந்தவர்தானே? அவரும் தொலைக்காட்சியா?

பூநகரி ரீச்சர்

இல்லை மகள், மேரி கொல்வின் பத்திரிகைக்காரர், லண்டன் சண்டே டைம்ஸ். 2001 ஏப்ரலில் வன்னிக்குள் வந்து, இங்கே மருந்தும் சாப்பாடும் தடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்து, திரும்புகிற வழியில் இராணுவத் தரப்பின் குண்டுச் சிதறல் பட்டு இடது கண்ணின் பார்வையை இழந்தார். தான் ஊடகக்காரி என்று சத்தம் போட்ட பிறகும் அடி விழுந்தது. 2012 பெப்ரவரியில் சிரியாவின் ஹொம்ஸ் நகரில் இறந்தார்.

தொலைக்காட்சி என்றால் அனிதா பிரதாப்பைப் படியுங்கள். கேரளப் பெண். பத்திரிகையில் இருந்தபோது பிரபாகரனை முதலில் பேட்டி கண்டவர், அது 1984இல் வெளிவந்தது. பிறகு சிஎன்என் தொலைக்காட்சிக்குப் போய், தலிபான்கள் காபூலைப் பிடித்ததைப் பற்றிய செய்திகளுக்கு ஜோர்ஜ் போல்க் விருது வாங்கினார். கிறிஸ்டியான் அமன்பூரும் அதே நிறுவனத்தில் 1983இல் கீழ் வேலையில் சேர்ந்து, பொஸ்னியப் போரில் பெயர் எடுத்தவர். பேச்சு உச்சரிப்பு சரியில்லை, தலைமயிர் சரியில்லை, திரைக்கு ஒத்துவராது என்று ஆரம்பத்தில் அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். "உங்கட வன்னித் தமிழ் செய்திக்குச் சரிவராது" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கண்டாவளை

எல்லோரும் நல்லதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் மற்றப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கமராவுக்கு முன்னால் இருந்தவர்களின் பக்கம்.

என் அண்ணா 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அம்மா முதல் கிழமையிலேயே போய் இருந்தா. எத்தனை சனல் வந்தது என்று எண்ணவில்லை. வருவார்கள், மைக்கை நீட்டுவார்கள். "கடைசியா எப்ப பாத்தனீங்கள், என்ன சொல்லிப் போட்டுப் போனவர்." அம்மா சொல்லுவா, அழுவா. எடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த சனல் வரும், அதே கேள்வி. ஒருவர், "சத்தம் சரியா வரேல்லை, இன்னொருக்கா சொல்லுங்கோ அம்மா" என்றார். அம்மா இன்னொருக்காவும் அழுதா. இரவு வீட்டுக்கு வந்தால் சாப்பிடமாட்டா. வந்தவர்களில் ஒருவர்கூடப் பிறகு வந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. அந்தப் போராட்டத்தில் இருந்த தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். இறந்தபோது ஒரு வரிச் செய்தி வரும்.

கல்மடு அக்கா, உங்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் பதில் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். பெயர் கேட்கவில்லை என்றுதான் நீங்கள் இந்த வேலைக்கு வந்தீர்கள். கேட்டுவிட்டுப் போனவர்களை என்ன செய்வது?

கல்மடுக்காரி

தங்கச்சி, நீங்கள் சொல்வது உண்மை. நானும் அந்தக் கொட்டகைக்குப் பல நாள் வந்திருக்கிறேன். சத்தம் சரியில்லை, இன்னொருக்கா சொல்லுங்கோ என்று நானும் கேட்டிருக்கிறேன். காற்று மைக்கில் அடித்தது உண்மை, ஆனால் அது ஒரு தாய்க்குச் சொல்லக்கூடிய காரணம் இல்லை. அந்த வருடக் கடைசியில் ஓர் அம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளை, இண்டைக்குக் கேக்காத, இரு" என்றா. கமராவை மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அதற்குப் பிறகு, எடுக்காமல் போகிற நாட்கள் என்று சில வைத்துக்கொண்டேன். எல்லா வீட்டுக்கும் போகவில்லை. போயிருக்க வேண்டிய வீடுகள் அதிகம்.

2023இல் கொக்குத்தொடுவாயில் குழாய்க்கு வெட்டின இடத்தில் எலும்புகள் வந்தபோது நான் தடுப்பு நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பெண்களின் உடுப்புகள் இருந்தன. பிறகு மொத்தம் 52 பேரின் எச்சங்கள் என்று முடிந்தது. அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் நின்ற தாய்மாரிடம் மைக்கை நீட்ட எனக்குக் கை வரவில்லை. அந்த வருடம்தான் வேலையை விட்டேன்.

கண்டாவளை

பதில் சொன்னதற்கு நன்றி அக்கா. கோபத்தில்தான் எழுதினேன், ஆனால் உங்கள் மேல் இல்லை.

ஒன்று கேட்கலாமா? 2018 டிசம்பர் வெள்ளத்தில், இரணைமடு வான் கதவு திறந்தபோது, எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அண்ணாவின் படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஊறி, மேல்தோல் கழன்று போய்விட்டது. அம்மா போராட்டத்தில் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் இருந்தா. அந்த நாட்களில் நீங்கள் எடுத்தது ஏதாவது வைத்திருக்கிறீர்களா? ஒளிபரப்பானதை யூடியூபில் தேடினேன். அம்மாவின் முகம்தான் வருகிறது, படம் தெரியவில்லை.

கல்மடுக்காரி

வெட்டாத மூலக் காட்சிகள் எல்லாம் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். ஒன்று திறக்கவில்லை, மற்றது இருக்கிறது. அம்மா கொட்டகையில் எந்தப் பக்கம் இருப்பா? படம் எப்படிப்பட்டது, சட்டத்துக்குள்ளா, பிளாஸ்ரிக் உறைக்குள்ளா? அன்றைக்கு என்ன நிறச் சேலை என்று நினைவிருந்தால் சொல்லுங்கள்.

கண்டாவளை

கோயில் வாசல் பக்கத் தூணோடு. லமினேற் செய்த படம், வலது கீழ் மூலை மடிந்திருக்கும். அண்ணா நீல ரீசேட். அம்மா அனேகமாகப் பச்சைக் கட்டுச் சேலை, இல்லாவிட்டால் வெள்ளை.

அக்கராயன் கமரா

திறக்காத டிஸ்க்கை என்னிடம் தாருங்கள் அக்கா. கிளிநொச்சியில் பார்க்கத் தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான். என்னிடம் உள்ள பழைய மெமரி காட்டுகளையும் இன்றைக்கு இரவு பார்க்கிறேன்.

கல்மடுக்காரி

நான்கு நாள் எடுத்தது, மன்னியுங்கள். கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2017 மார்ச் மாதக் கோப்பு ஒன்று. பச்சைச் சேலை, தூண், மூலை மடிந்த படம். முதலில் லமினேற்றில் வெயில் பட்டு முகம் வெள்ளையாகப் போய்விட்டது. பிறகு என் குரல் கேட்கிறது, "கொஞ்சம் சரிச்சுப் பிடியுங்கோ அம்மா" என்று. சரித்துப் பிடிக்கிறா. ஒன்பது செக்கன் முகம் தெளிவாக இருக்கிறது. அந்த ஒன்பது செக்கனையும் ஒளிபரப்பில் வெட்டிவிட்டார்கள். தனிமடலில் போன் நம்பரைத் தாருங்கள், முழுக் கோப்பையும் வைபரில் அனுப்பாமல் பென் டிரைவில் கொண்டுவந்து தருகிறேன். வைபரில் போட்டால் தரம் குறைந்துவிடும்.

கண்டாவளை

நீங்கள் அனுப்பிய சின்னத் துண்டைப் பார்த்தேன். அண்ணாதான். அம்மா போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு இருக்கிறா, திருப்பித் தரவில்லை. இதை நான் தங்கச்சியின் போனில் இருந்து எழுதுகிறேன். வாங்கோ அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்போம். அம்மா சமைப்பா.

இதிலிருந்து படமாகப் பிரின்ட் எடுக்கலாமா? சுவரில் மாட்டுகிற அளவுக்கு வருமா?

கல்மடுக்காரி

வீடியோவிலிருந்து எடுப்பதால் பெரிதாக்கினால் முகம் உடைந்துவிடும். போஸ்ட்காட் அளவுக்கு மேல் போக வேண்டாம். நான் வரும்போது ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டே வருகிறேன். லமினேற் செய்யச் சொல்லமாட்டேன்.